இரண்டாவது லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"சர்வர் கோளாறு, பொதுமக்கள் அவதி" என்ற செய்தி நம் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. பத்திரப் பதிவு, வங்கி, ரேஷன் கடை, மருத்துவமனை ஓபி சீட்டு என்று எங்கே போய் நின்றாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லும் பதிலும் அதேதான். நான் மதுரையிலும் திருமங்கலம், மேலூர் பக்கமும் அலுவலகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகளுக்கு நெட்வொர்க் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். நான் நேரில் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குப் போகிற வழிதான் அறுந்து கிடக்கும். அதிலும் எனக்கு மனசு ஆறாத விஷயம், பல இடங்களில் இரண்டு வழிக்கு, அதாவது இரண்டு லிங்க்குக்கு, காசு கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் போன பிறகுதான், முதலாவது எப்போதோ போய்விட்டது என்பதே தெரியவருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஊருக்குள் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். பிரதானக் கட்டடம் ஒரு தெருவில், ஆய்வகமும் ஸ்கேன் மையமும் இரண்டு தெரு தள்ளி. நடுவில் இரண்டு ஃபைபர் கேபிள், ஒன்று கம்பத்தில் போகிறது, இன்னொன்று ரோட்டுக்கு அடியில். இரண்டு முனையிலும் நல்ல மேனேஜ்டு லேயர் 3 சுவிட்ச் (கேபிள்களை இணைத்து, தரவை எந்த வழியில் அனுப்புவது என்றும் முடிவு செய்கிற கருவி), அதில் ஓஎஸ்பிஎஃப் என்ற வழி தேடும் ஏற்பாடு. அமைத்துக் கொடுத்தவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஓபி நிரம்பி வழிகிற நேரத்தில், ரோட்டில் ஜேசிபி போட்ட ஒரு குழியில் கீழே போன கேபிள் துண்டானது. அவ்வளவுதான், ஆய்வக ரிசல்ட் எதுவும் டாக்டர் மேஜைக்கு வரவில்லை. வார்டு பையன்கள் ரிசல்ட் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார்கள். மதியம் வரைக்கும் அப்படியேதான். கம்பத்தில் போகிற கேபிள் என்ன ஆயிற்று என்று தேடிப் போனால், அது போய் மாதக்கணக்காகிவிட்டது.

இது எப்படி யாருக்கும் தெரியாமல் போகும் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். தெரியாமல் போவதற்குக் காரணமே அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்ததுதான். ஓஎஸ்பிஎஃப் என்பது சுவிட்சுகளும் ரவுட்டர்களும் தங்களுக்குள் பேசி, எந்த வழியாக அனுப்புவது என்று தாங்களே முடிவு செய்துகொள்ளும் முறை. அதன் இரண்டாம் பதிப்பு ஆர்எஃப்சி 2328 என்ற ஆவணமாக 1998 ஏப்ரலில் வந்தது, அதைத்தான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் ஓட்டுகிறோம். பக்கத்துச் சுவிட்சை நெய்பர் என்று சொல்வோம். சாதாரண அமைப்பில் 10 விநாடிக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் ஹலோ அனுப்பிக்கொள்ளும். 40 விநாடி வரைக்கும் எதிர்ப்பக்கத்து ஹலோ வரவில்லையென்றால், அந்த நெய்பர் போய்விட்டது என்று முடிவு கட்டி, வேறு வழி இருந்தால் அந்த வழியாகத் திருப்பிவிடும். ஆகக் கம்பத்துக் கேபிள் போன அன்றைக்கு அந்த மருத்துவமனையில் நடந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைந்த தடங்கல். யாரோ ஒருவர் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணியிருப்பார், வந்திருக்கும், மறந்திருப்பார். அன்றிலிருந்து அந்த மருத்துவமனை ஒற்றைக் கேபிளில் ஓடிக்கொண்டிருந்தது, மாதாமாதம் இரண்டு கேபிளுக்கும் வாடகை கட்டிக்கொண்டு.

கண்காணிப்பு இல்லாமலும் இல்லை. ஐடி அறையில் ஒரு மானிட்டர் இருந்தது, ஆய்வகச் சுவிட்சுக்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை, போய்க்கொண்டிருந்தது, எல்லாம் பச்சை. பச்சையாகத்தானே இருக்கும்? பிங்கும் மிச்சமிருக்கிற வழியாகப் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்றுதான் பிங் சொல்லும், எத்தனை வழி மிச்சமிருக்கிறது என்று சொல்லாது. இதை நான் பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், தலையை ஆட்டுகிறார்கள், அடுத்த முறை போனால் அதே பிங்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட் விளக்கும் ஏமாற்றியது. நம் ஊரில் நிறைய இடங்களில் ஃபைபர் நேராகச் சுவிட்சில் ஏறுவதில்லை, கேபிள்காரர் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்து அதிலிருந்து சாதாரண லேன் ஒயரில் சுவிட்சுக்குக் கொடுப்பார். ஃபைபர் பக்கம் அறுந்தாலும் லேன் பக்கம் கன்வெர்ட்டர் பவரில்தானே இருக்கிறது, சுவிட்சைப் பொறுத்தவரை லிங்க் அப், பச்சை விளக்கு. ஃபைபர் பக்கம் போனால் லேன் பக்கத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிற வசதி சில கன்வெர்ட்டர்களில் உண்டு, ஆனால் அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. இந்த இடத்தில்தான் ஓஎஸ்பிஎஃப்பின் அருமை தெரியும். ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதி வைத்த மாறாத வழி, மட்டும் போட்டிருந்தால், போர்ட் உயிரோடு இருக்கிறது என்று நம்பி, அறுந்த கேபிளுக்குள்ளேயே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கும். ஹலோ வரவில்லை என்பதை வைத்து ஓஎஸ்பிஎஃப் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்து, பதிவும் செய்து வைத்திருந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தப் பதிவைத் தோண்டி எடுத்தபோது இன்னொரு வேதனை. சுவிட்சில் நேரமே அமைக்கவில்லை. அந்த வகைச் சுவிட்ச், நேரம் கொடுக்காவிட்டால் மின்சாரம் வந்த நொடியை 1993 மார்ச் 1 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். நெய்பர் டவுன் என்ற வரி இருக்கிறது, காரணமும் டெட் டைமர் (ஹலோவுக்காகக் காத்திருக்கும் அந்த 40 விநாடி) முடிந்தது என்று தெளிவாக இருக்கிறது, தேதி மட்டும் 1993. கடைசியாக சுவிட்ச் எப்போது ஆன் ஆனது என்று பார்த்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கேபிள் போன நாளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கருவிகளின் நேரத்தை நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி மூலம் சரியாக வைத்திருக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் சேமிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஊரில் எத்தனை சுவிட்சுகள் இன்னமும் 1993-இல் இருக்கின்றன என்று யாராவது ஒரு நாள் சுற்றிப் பார்த்தால் நல்லது.

சரி, என்னதான் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். பெரிய வித்தை இல்லை. சுவிட்சில் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் என்ற ஒரு கட்டளை, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அடித்தால் ஒரு சின்ன அட்டவணை வரும். நெய்பரின் ஐடி, நிலை, டெட் டைம், முகவரி, எந்தப் போர்ட் என்று நாலைந்து பத்திதான். நிலை என்ற இடத்தில் ஃபுல் என்று இருந்தால் இரண்டு பக்கமும் முழு விவரமும் பரிமாறி முடித்துவிட்டன என்று அர்த்தம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, டெட் டைமைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். 40-இல் ஆரம்பித்து 39, 38 என்று இறங்கி, 30 வருகிறபோது ஒரு ஹலோ வந்து திரும்ப 40-க்கு ஏறும். ஆரோக்கியமான லிங்க்கில் எத்தனை முறை அடித்துப் பார்த்தாலும் 30-க்கும் 40-க்கும் நடுவில்தான் நிற்கும். ஒரு தடவை 22 என்று கண்ணில் பட்டாலே நடுவில் ஹலோ தொலைகிறது, அதாவது கேபிளிலோ கனெக்டரிலோ கோளாறு ஆரம்பித்துவிட்டது. ஃபைபரை ஒட்டிச் சேர்த்த (ஸ்ப்ளைஸ்) இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், கம்பத்தில் கேபிள் ஒடிந்து மடங்கியிருக்கலாம். அறுவதற்கு முன்னாடியே ஆள் அனுப்ப முடியும். அந்த நெய்பர் எத்தனை நாளாக எழுந்து நிற்கிறது என்பதையும் விரிவான கட்டளையில் காணலாம். சுவிட்ச் ஓடத் தொடங்கி இருநூறு நாள் ஆகியிருக்க, நெய்பர் மட்டும் பதினோரு மணி நேரமாக என்றால், நேற்று ராத்திரி அது ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது.

ஃபுல் இல்லாத எல்லாமே கோளாறும் இல்லை. ஒரே லேனில் நாலைந்து ரவுட்டர் இருந்தால், அதில் ஒன்றைத் தலைமையாகவும் ஒன்றை மாற்றாகவும் ஓஎஸ்பிஎஃப் தேர்ந்தெடுக்கும், மற்றவை தங்களுக்குள் டூவே என்ற நிலையிலேயே நிற்கும், அதுதான் முறை. இது தெரியாமல் ஃபுல் இல்லாததற்கெல்லாம் அலாரம் வைத்துவிட்டு, நாள் முழுக்க அது கத்துகிறது என்று மொத்தமாக அணைத்துப் போட்ட இடங்கள் உண்டு. எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையில் சிக்கிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் இரண்டு முனையிலும் எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) வேறாக இருக்கும், ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் 9000 என்று. இனிட் என்ற நிலையில் நின்றால் நம் ஹலோ எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை. நெய்பரே தோன்றவில்லை என்றால் ஏரியா எண் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கைப் பிரித்து வைக்கும் பகுதியின் எண்), ஹலோ நேரம், பாஸ்வேர்ட் இவற்றில் ஒன்று பொருந்தவில்லை, அல்லது யாரோ அந்தப் போர்ட்டை ஹலோ அனுப்பாதபடி பேசிவ் ஆக்கிவிட்டார்கள். நிலையின் பெயரைப் பார்த்ததுமே எங்கே கையை வைப்பது என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி லேப்களில் ஓஎஸ்பிஎஃப் அமைப்பதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஃபுல் வந்ததும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஓடுகிற நெட்வொர்க்கில் கேபிளைப் பிடுங்கிவிட்டு அட்டவணை எப்படி மாறுகிறது என்று காட்டினால், அந்தப் பிள்ளைகள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உபயோகமாக இருப்பார்கள்.

யாரும் சுவிட்ச் முன்னால் உட்கார்ந்து கட்டளை அடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜ்டு சுவிட்ச் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே இதற்காகத்தான். கருவிகளிடம் நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பி என்ற முறை மூலம் ஒவ்வொரு நெய்பரின் நிலையையும் ஒரு எண்ணாகக் கேட்டு வாங்கலாம், 8 என்றால் ஃபுல், 4 என்றால் டூவே. நிலை மாறினால் சுவிட்சே தானாக டிராப் என்ற எச்சரிக்கையை அனுப்பும், சிஸ்லாக் என்ற பதிவு வரியும் அனுப்பும். வாங்கி வைத்துப் பார்க்க ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு சின்ன அலுவலகத்துக்கு ஒதுக்கிப் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றே போதும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் பல பேர் விழுகிறார்கள். நெய்பர் செத்துவிட்டால் பெரும்பாலான சுவிட்சுகளில் அந்த வரி 1 (டவுன்) என்று மாறி அங்கேயே நிற்காது, அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விடும். "8 இல்லாத வரி ஏதாவது இருக்கிறதா" என்று மட்டும் கேட்கிற கண்காணிப்பு, இல்லாத வரியைப் பார்க்காது, மிச்சம் எல்லாம் 8, எல்லாம் நலம் என்று சொல்லும். இந்தச் சுவிட்சுக்கு இத்தனை நெய்பர் இருக்க வேண்டும், இன்ன போர்ட்டில் இன்ன நெய்பர் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அதோடு ஒப்பிட்டால்தான் சரியாகும்.

அலாரம் போகிற வழியையும் யோசிக்க வேண்டும். இரண்டு லிங்க்கும் போய்விட்டது என்று சொல்ல வேண்டிய மெயில், அதே லிங்க் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்றால் அது என்றைக்குப் போய்ச் சேரும்? தனியாக ஒரு சிம் போட்ட மோடம் வைத்து எஸ்எம்எஸ் அனுப்புவது பெரிய செலவில்லை. எஸ்என்எம்பி-யில் பழைய பதிப்பைப் போட்டு, பாஸ்வேர்டு மாதிரியான அந்தச் சொல்லைப் பப்ளிக் என்றே விட்டுவைக்காமல், மூன்றாம் பதிப்பைப் போடச் சொல்லவும் வேண்டும்.

சின்ன ஊர், சின்ன அலுவலகம், இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரவுட்டிங்கில் ஒரு தவறு நடந்தால் எத்தனை பெரிய நிறுவனமும் தாங்காது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க் துண்டிக்கப்பட்டு, பெயரை முகவரியாக்கும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும், பிஜிபி முறையில் மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கப்பட்ட வழிகள் இணையத்திலிருந்தே விலகிவிட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, போய்ச்சேர வழி இல்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் என்ற தொலைபேசி, இணைய நிறுவனத்தின் சேவை நின்று கோடிக்கும் மேலான வாடிக்கையாளர்கள் தவித்தார்கள், அவசர அழைப்புகூடப் பல பேருக்குக் கிடைக்கவில்லை. அங்கேயும் காரணம், ரவுட்டரில் ஒரு வடிகட்டியை எடுத்ததும் வழித் தகவல்கள் வெள்ளமாகக் கொட்டி மைய ரவுட்டர்கள் மூச்சுத் திணறியதுதான். அவர்களிடம் ஆயிரம் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஒன்றிரண்டு நாளுக்குள் எழுந்துவிட்டார்கள். நம் ஊர் ஓபி வாசலில் காத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

மதுரையில் கேபிள் அறுவது வருஷம் பூராவும் நடக்கிற விஷயம். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மேம்பாலம், மழைநீர் வடிகால் என்று ஏதாவது ஒரு வேலைக்கு ஏதாவது ஒரு ரோடு தோண்டித்தான் கிடக்கிறது. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, தண்ணீரும் சாக்கடையும் எங்களுக்கும் வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே கால் பிஃபோர் யூ டிக் என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியிருக்கிறது. மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் ஒப்பந்தக்காரர்களை அதைக் கட்டாயம் பயன்படுத்த வைத்தால், பாதிப் பிரச்சினை தோண்டும் இடத்திலேயே தீரும். இரண்டு லிங்க் வாங்குகிறவர்களும் இரண்டும் ஒரே பள்ளத்தில் போகவில்லையா என்று கேபிள்காரரிடம் வரைபடம் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கம்பெனியிடம் வாங்கினாலும் இரண்டு கம்பெனியின் கேபிளும் ஒரே குழாயில் போன கதை நிறைய இருக்கிறது.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்கும் பாரத்நெட் வேலை நடக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊராட்சி அலுவலகம் வரைக்கும் கேபிள் வரும்போது, பார்த்துக்கொள்ள வேண்டிய லிங்க்குகளும் அதற்கேற்பக் கூடிக்கொண்டேதான் போகும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு பத்து அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட மாதிரி நூறு அலுவலகத்தைப் பார்க்க முடியாது, கருவி சொல்வதைக் கேட்கிற ஏற்பாடு இருந்தால்தான் முடியும்.

என்னைப் போன்ற பராமரிப்புக்காரர்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். இன்று ஊரில் போடப்படும் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தங்களில் "புகார் வந்த இத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும்" என்றுதான் இருக்கும். புகார் வருவதற்கு முன்னால் பார்ப்பதற்கு ஒரு வரியும் இல்லை, ஒரு ரூபாயும் இல்லை. நெய்பர் ஒன்று போயிருக்கிறது, சரி செய்துவிடலாம் என்று நாமாகப் போய்ச் சொன்னால், "எல்லாம் ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு இப்ப?" என்ற பதில்தான் வருகிறது. அதே மருத்துவமனையில் ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள், டீசல் எவ்வளவு, எத்தனை நிமிடம் ஓடியது என்று நோட்டில் எழுதி மேலாளர் கையெழுத்துப் போடுகிறார். அந்த ஒழுங்கு நெட்வொர்க்குக்கு மட்டும் ஏன் இல்லை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில், முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஒரு கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நெய்பர் எத்தனை விநாடியில் போனது, பாதை மாறியதா, மென்பொருள் தொடர்ந்து ஓடியதா, அலாரம் யாருடைய போனுக்கு வந்தது என்று பார்த்துவிட்டு, திரும்ப மாட்டி ஃபுல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது இன்னொரு கேபிள். மொத்தமே அரை மணி நேர வேலை.

அதனால் மருத்துவமனை நிர்வாகிகள், கல்லூரி முதல்வர்கள், அரசு அலுவலகங்களில் டெண்டர் தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெட்வொர்க் ஒப்பந்தம் போடும்போது இந்த வாசகத்தைச் சேருங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்: "ஒவ்வொரு சுவிட்சிலும் இருக்க வேண்டிய ரவுட்டிங் நெய்பர்களின் பட்டியலை ஒப்பந்தக்காரர் எழுத்தில் தர வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் அலுவலகப் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவல் வர வேண்டும். லிங்க்குகளைக் கழற்றிச் சோதித்த அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் அந்தக் காலாண்டுக்கான பில் தொகை வழங்கப்படாது."

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
மதுரை.